டீச்சர் ஊற்றிய ஆயில்

சாருமதி டீச்சரின் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஆயில் ஊற்றுகிறவர் ஒருவர் என்றால், அளவு பார்க்கிறவர் இன்னொருவராக இருக்க வேண்டும். ஊற்றியவருக்குத் தான் ஊற்றியது சரிதான் என்று ஒரு நினைப்பு இருக்கும், அந்த நினைப்போடு, ஆயில் எதுவரை நிற்கிறது என்று காட்டும் அளவுக் குச்சியை உருவினால் குச்சியும் ஆமாம் போடும் என்பது டீச்சரின் கட்சி.

பட்டறை கோயமுத்தூரில், செட்டிபாளையம் போகிற சாலையில் இருக்கிறது. அங்கே நடப்பது ஒரு வினோதமான வேலை. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் சின்னக் காரைக் கோர்த்து, அதற்குள் மோட்டார் சைக்கிள் இன்ஜினை உட்காரவைப்பார்கள். இரண்டு பேர் போகலாம். கதவு கிடையாது, கூரை கிடையாது, மழை வந்தால் நனைய வேண்டியதுதான். இதற்கும் ஆட்கள் ஆசைப்பட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

டீச்சர் முன்பு இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுத்தவர். கரும்பலகையில் இன்ஜின் வரைந்து அலுத்துப்போய் நிஜ இன்ஜினிடம் வந்துவிட்டார். பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவருடைய சிஷ்யர் நஞ்சப்பன். டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். டீச்சர் அவரை அண்ணா என்பார். அவர் டீச்சரை டீச்சர் என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள், இவர்கள் இருவரும் சிரித்ததில்லை.

நஞ்சப்பனுக்கு சிங்காநல்லூரில் சொந்தமாக டூ வீலர் ஒர்க்‌ஷாப் இருந்தது. மேம்பாலம் வந்தபோது கடை போய்விட்டது. பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் காவலாளியாக நின்றார். உள்ளே வரும் வண்டிகளுக்குக் கேட்டைத் திறந்துவிடுவது, வெளியே போகும் வண்டிகளுக்கும் அதையே செய்வது. இரண்டு வருடம் அப்படிப் போனது. அந்தக் குடியிருப்பில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு வந்துபோன டீச்சர் ஒருநாள் கேட்டில் நின்று அவரோடு பேசினார்.

“வேலை தெரியுமில்ல?”

“டூ வீலர்தானுங்க தெரியும். கார் தெரியாதுங்க.”

“கார் தெரிஞ்ச ஆளுக நிறைய இருக்காங்க. நாளைக்கு வந்துருங்க.”

கையில் மறுபடியும் கிரீஸ் ஏறிய முதல் நாள், நஞ்சப்பன் வீட்டுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தார். மனைவி திட்டினாள். அந்தத் திட்டு அவருக்கு எவ்வளவு இனித்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து டீச்சருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு தவிப்பு அவருக்குள் இருந்தது. நல்ல நேரம் பார்த்து வாயெடுப்பார்.

“டீச்சர், அன்னிக்கு நீங்க மட்டும் வரலைன்னா...”

“அண்ணா, அந்தப் பதினாலு ஸ்பேனரை எடுங்க.”

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நன்றி சொல்ல வந்த மனிதர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருப்பார். மாமியார் தோட்டத்து வாழைத்தார் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். டீச்சர் அதைப் பட்டறை முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு பழம் தானும் தின்றார். நஞ்சப்பனுக்கு மனம் ஆறவில்லை. சொல்ல முடியாத நன்றியை மரியாதையாக மாற்றிக்கொண்டார். டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். டீச்சர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

ஒருநாள் பல் டாக்டர் சாலமோனின் கார் வந்து இறங்கியது. மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரே தன் கையால் கோர்த்த கார். அதற்குள் இருப்பது விபத்தில் நொறுங்கிப்போன ஒரு பெரிய பைக்கின் நாலு சிலிண்டர் இன்ஜின். அந்த மாடல் வருவது நின்றுவிட்டது. இது போனால் இன்னொன்றுக்கு எங்கே போவது என்று டாக்டருக்கே தெரியாது.

“மேடு ஏறினா இன்ஜின் மட்டும் கத்துது மேடம். வண்டி நகர மாட்டேங்குது” என்றார் டாக்டர்.

“ஆயில் என்ன ஊத்தினீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

டாக்டர் பெருமையோடு டப்பாவை எடுத்துக் காட்டினார். உயர்ந்த ரக கார் ஆயில். “இருக்கறதுலயே நல்லதா பார்த்து வாங்கினேன்.”

டீச்சர் நஞ்சப்பன் பக்கம் திரும்பினார். “என்ன சொல்றீங்கண்ணா?”

“கிளட்ச் வழுக்குதுங்க” என்றார் நஞ்சப்பன். “கார்ல கிளட்ச் தனியா இருக்குமுங்க, ஆயிலே படாது. பைக் இன்ஜின்ல எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தானுங்க. இன்ஜினும் அதுலதான், கியரும் அதுலதான், கிளட்ச்சும் அதுலயேதான் ஊறிக் கெடக்கும். கார் ஆயில்ல வழவழப்புக்குன்னு என்னமோ சேர்ப்பாங்க. கிளட்ச் பிளேட்டுக்கு அது ஆகாதுங்க.”

“இப்ப இது கார்தானே?” என்றார் டாக்டர்.

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியுமுங்க. இன்ஜினுக்குத் தெரியாதுங்களே.”

டாக்டர் சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. நஞ்சப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எனக்கு என்னமோ டாக்டர் ஊத்தின ஆயிலே இருக்கட்டும்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?”

“நீங்க சொன்னாச் சரிங்க” என்றார் நஞ்சப்பன் உடனே.

“ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“சொன்னனுங்க. நீங்க சொல்றீங்கன்னா அதுல ஏதாச்சும் இருக்குமுங்க.”

டீச்சர் மிச்சமிருந்த ஆயில் டப்பாவை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தார். “இதை வீட்டுல நிக்கிற காருக்கு ஊத்துங்க டாக்டர். இதுக்கு பைக் ஆயில்தான்.” பழையதை முழுக்க வடித்து, கிளட்ச் பிளேட்டுகளைக் கழட்டிக் கழுவி, ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கென்றே டப்பாவில் குறித்து விற்கிற ஆயிலை ஊற்றச் சொன்னார். நஞ்சப்பன் ஊற்றினார், டீச்சர் பார்த்தார். கார் மேடு ஏறியது.

அதோடு விடவில்லை டீச்சர். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சேம்பரைக் கழட்டி, ஆயில் அலையாமல் இருக்க உள்ளே குறுக்காகத் தகடுகள் வைத்துப் பற்றவைக்கச் சொன்னார். சூடு தணிய, காரின் மூக்கில் புதிதாக ஒரு ஆயில் கூலரும் வைக்கச் சொன்னார்.

“ஏனுங் டீச்சர், பைக்ல ஓடறப்ப இந்த இன்ஜினுக்குத் தகடே இல்லீங்களே?” என்று கேட்டார் நஞ்சப்பன்.

டீச்சர் கையில் டீ இருந்தது. எவர்சில்வர் டம்ளர், விளிம்புவரை இருந்தது. அவர் கையை நேராக வைத்துக்கொண்டு டம்ளரை வெடுக்கென்று பக்கவாட்டில் வீசினார். டீ விளிம்பைத் தாண்டி அவர் சட்டைக் கையில் கொட்டியது. மிச்ச டீயோடு மறுபடியும் வீசினார், இந்தத் தடவை போகிற பக்கமாக டம்ளரைச் சாய்த்துக்கொண்டே. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

நஞ்சப்பன் டம்ளரையே பார்த்தார். “பைக் வளைவுல சாயுமுங்க” என்றார்.

“கார் சாயாது.”

“அப்ப வளைவுல ஆயிலெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிக்கும். பம்பு உறிஞ்சற எடத்துல இருக்காதுங்க.”

“காத்தைத்தான் உறிஞ்சும்” என்றார் டீச்சர். “அதனால அளவு குச்சியோட மேல் கோட்டுல நிக்கணும். கொஞ்சம் கம்மியா இருந்தாலும் நீளமான வளைவுல மாட்டிக்கும்.”

“காத்தைக் குடிச்சா இன்ஜின் எத்தனை நேரமுங்க தாங்கும்?”

“ஒரு வளைவு தாங்கும். ரெண்டாவது, நம்ம நல்ல நேரம்.”

டீச்சர் சட்டைக் கையைப் பிழிந்துவிட்டு, குடிக்க இன்னொரு டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காரைக் கார் பந்தயம் நடக்கும் ஓட்டப் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நிறைய கார்கள் வந்திருந்தன. டாக்டர் ஹெல்மெட்டைப் போட்டும் கழட்டியும் பொறுமையில்லாமல் திரிந்தார். நஞ்சப்பன் சக்கர போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்ததால், அன்று ஆயிலை ஊற்றியவர் டீச்சர். ஊற்றினார், குச்சியைத் துடைத்து உள்ளே விட்டுப் பார்த்தார், மேல் கோட்டில் நின்றது.

“அண்ணா, சூடாகற வரைக்கும் ஓடவிட்டு நிறுத்துங்க. கொஞ்ச நேரம் விட்டு நீங்க ஒருக்கா பாருங்க” என்று சொல்லிவிட்டு, பாதையின் விதிகளைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்த ஆளிடம் போனார். போகும்போதே டாக்டரிடம், “டாக்டர், ஆயிலுக்குன்னு இருக்கற சிவப்பு லைட் எரிஞ்சா யோசிக்காதீங்க, சாவியை அணைச்சிருங்க” என்றார்.

நஞ்சப்பன் இன்ஜினை ஓடவிட்டார். நிறுத்தினார். காத்திருந்தார். பிறகு குச்சியின் மேல் கையை வைத்தார்.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். டீச்சரிடம் படித்த பையன்கள் சிலர் கூட அங்கே இருந்தார்கள். டீச்சர் தன் கையால் ஊற்றி, தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போன ஆயில். அதைப் போய் எல்லோர் முன்னாலும் உருவிப் பார்ப்பதா? கேட்டில் நின்றவனைக் கூட்டிவந்து ஸ்பேனரைக் கையில் கொடுத்தவர் அவர். நஞ்சப்பனுக்கு என்னவோபோல் இருந்தது. கையை எடுத்துக்கொண்டார். இன்ஜின் மேல் விழுந்திருந்த ஒரு இலையை மட்டும் தட்டிவிட்டார்.

“பார்த்தாச்சா?” என்று தூரத்திலிருந்து கேட்டார் டீச்சர்.

“சரியா இருக்குங் டீச்சர்.”

முதல் சுற்றில் டாக்டர் பயந்து பயந்து ஓட்டினார். இரண்டாவதில் சிரித்துக்கொண்டே ஓட்டினார், ஹெல்மெட்டுக்குள் அது தெரியவில்லை, கையசைத்ததில் தெரிந்தது. மூன்றாவது சுற்றில், பாதையின் கோடியில் இருக்கும் நீள வளைவுக்குள் கார் போனது. சத்தம் திடீரென்று நின்றது. கார் தானாக உருண்டு புல்லுக்குள் போய் நின்றது.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டாக்டர் முகம் வெளுத்திருந்தது.

“லைட் எரிஞ்சுது மேடம். எரிஞ்ச உடனே அணைச்சிட்டேன். சத்தியமா உடனே அணைச்சிட்டேன்.”

“நல்ல வேலை செஞ்சீங்க” என்றார் டீச்சர். கீழே குனிந்து பார்த்தார். எங்கும் ஒழுக்கு இல்லை, தரை காய்ந்து கிடந்தது. குச்சியை உருவினார். நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது.

“அண்ணா, நீங்க பார்க்கறப்ப எங்க நின்னுது?”

மேல் கோட்டில் நின்றது என்று நஞ்சப்பன் சொல்லியிருக்கலாம். யாரும் மறுகேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பழி ஏதாவது ஒரு குழாய் மேல் போயிருக்கும். உண்மையைச் சொன்னால் திரும்ப அந்தக் கேட்டுக்கே போய் நிற்க வேண்டிவரும் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

“பார்க்கலீங் டீச்சர்” என்றார்.

“பார்த்தேன்னு சொன்னீங்களே?” என்று கத்தினார் டாக்டர். “மூணு வருஷம்யா. ஒரு ஞாயித்துக்கிழமைகூட நான் சினிமாவுக்குப் போனதில்லை.”

டாக்டர் கத்துவது நியாயம்தான். நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“டாக்டர்” என்றார் டீச்சர். “புதுசா வெச்ச கூலரும் ரெண்டு குழாயும் நிறைய ஆயில் குடிக்கும். சூடானப்புறம்தான் குடிக்கும். அதை நான் நெனைச்சுப் பார்க்காம, இன்ஜினுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் ஊத்தியிருக்கேன். ஆறி இருக்கறப்ப பார்த்துட்டு அதையே நம்பிட்டேன். தப்பு என்னோடது. இன்ஜினுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா என் பொறுப்பு.”

டாக்டர் அடங்கிவிட்டார். நஞ்சப்பனுக்குத்தான் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். தன்னால் டீச்சர் அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வேண்டியதாகிவிட்டதே என்று நினைத்து நினைத்து மருகினார். வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் டீச்சர் சொன்னது ஒன்றுதான்: “அண்ணா, நீங்களே பிரிங்க.”

நஞ்சப்பன் இன்ஜினைப் பிரித்தார். உள்ளே சுழலும் தண்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய பிறை மாதிரி பேரிங்குகள் இருக்கும். ஆயில் இல்லாமல் ஓடினால் முதலில் அடிவாங்குவது அவைதான். மேல் பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு நிறம் தெரிந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரித்த காகிதத்தின் மேல் வைத்தார். டீச்சர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதலாவது சாம்பல் நிறம். இரண்டாவதும் சாம்பல் நிறம். அடுத்ததைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் தலைமுடி மாதிரி ஒரு கீறல் இருந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் எடுத்து முடித்தபோது எதிலும் செம்பு தெரியவில்லை.

நஞ்சப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்துவிட்டது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை, சாவியை அணைத்த டாக்டரின் கைக்குத்தான் மனதுக்குள் கும்பிடு போட்டார். டீச்சர் டாக்டருக்குப் போன் போட்டு, “உங்க கை காப்பாத்திருச்சு டாக்டர். பேரிங் மட்டும் புதுசா போட்டுத் தர்றோம்” என்று சொல்லிவிட்டு வந்து மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“இப்பச் சொல்லுங்க. எதுக்குப் பார்க்கலை?”

“நீங்க பார்த்துட்டீங்களேங்.”

“அதுக்கு?”

“நீங்க பார்த்ததுக்கு மேல நான் உருவிப் பார்த்தா, உங்களை நம்பாத மாதிரி ஆகாதுங்களா? அத்தனை பேர் நின்னாங்க. எனக்குச் சோறு போட்டவங்க நீங்க. உங்க வேலைய நான் எப்புடிங் பார்க்கறது?”

டீச்சர் கீறல் விழுந்த பேரிங்கை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“உங்களை நான் எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு நெனைச்சிட்டிருக்கீங்க?”

“பாவம்னு நெனைச்சுத்தானுங்க.”

“யார் சொன்னா?”

நஞ்சப்பன் துடைத்த துணியை மடித்து வைத்தார்.

“அன்னிக்கு நான் வண்டிய வெளிய எடுக்கறப்ப, பின் டயர்ல காத்து கம்மின்னு சொன்னீங்க. எங்கக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, பக்கத்துல நின்னுட்டு, ‘இப்பத்தான் நானே புடிச்சிட்டு வந்தேன், கேட்டைத் திற’ன்னார். உங்களுக்குச் சம்பளம் போடற குடியிருப்புக் கமிட்டியில அவர்தான் தலைவர். நீங்க கேட்டைத் திறக்கலை. ‘இல்லீங், கம்மிதானுங்’ன்னு சொல்லிட்டு நின்னீங்க. இறங்கிப் பார்த்தா ஆணி ஏறியிருந்துச்சு.”

“அது... டயரைப் பார்த்தாவே தெரிஞ்சுதுங்க.”

“அந்த ஆளைத்தான் நான் வேலைக்குக் கூப்பிட்டேன்” என்றார் டீச்சர். “வந்ததுல இருந்து அவரைக் காணோம்.”

வெளியே ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து, பேரிங் அளவை எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நஞ்சப்பன் வேலையை விட்டுப் போகவில்லை. டீச்சர் வந்தால் எழுந்து நிற்பதை மட்டும் விட்டார். முதல் சில நாட்கள் அது அவருக்கு மிகவும் சிரமமாக இருந்தது, பாதி எழுந்து மீண்டும் உட்காருவார்.

மழை முடிந்து ஓட்டப் பாதை மறுபடி திறந்தபோது, சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கார் கிளப்புக்காரர்கள். அவர்களிடம் இதே மாதிரி சில கார்கள் இருந்தன. அவற்றை இனிமேல் டீச்சர் பட்டறையிலேயே விடலாமா என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். அந்த வேலை கிடைத்தால் பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையையும் எடுத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் ஆசைப்பட்டிருந்தார். அதை நஞ்சப்பனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

அன்று காட்டுவதற்கு டாக்டரின் கார்தான் போனது. ஆயிலும் ஃபில்டரும் அன்று காலையில்தான் மாற்றியிருந்தார்கள். ஊற்றியவர் டீச்சர். நிழலுக்காக ஒரு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் சென்னைக்காரர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே, சூடாக ஓடிய இன்ஜினை நிறுத்தி, சற்று நேரம் விட்டு, குச்சியை உருவித் துடைத்து, விட்டு எடுத்துக் காட்டினார்.

“பாருங்க, மேல் கோடு. கார் சாயாதுங்கறதால இந்த அளவு ரொம்ப முக்கியம்” என்றார்.

சென்னைக்காரர்கள் தலையாட்டினார்கள். டாக்டர் ஹெல்மெட்டை மாட்டினார்.

“அண்ணா, பாருங்க” என்றார் டீச்சர்.

நஞ்சப்பன் வந்தார். குச்சியைத் தொடவில்லை. இரண்டு எட்டு பின்னால் போய்க் குனிந்து காரைப் பார்த்தார். வேப்பமரத்தின் வேர் மண்ணை மேடாக்கியிருந்தது. காரின் மூக்கு கொஞ்சம் தூக்கி நின்றது. குச்சி இருப்பது இன்ஜினின் பின்பக்கம். ஆயிலெல்லாம் பின்னால் இறங்கி நின்றால் குச்சி எந்தக் கோட்டைத்தான் காட்டாது?

சென்னைக்காரர்களைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பக்கத்துக் கொட்டகையும் ஞாபகம் வந்தது.

“டாக்டர், பிரேக்கை விடுங்” என்றார். “ஒரு கை புடிங்க சார்” என்று சென்னைக்காரர்களையும் கூப்பிட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் கையைக் கொடுத்தார்கள். மேட்டிலிருந்து காரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தரையில் நிறுத்தினார்கள். நஞ்சப்பன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வெயில் சுட்டது.

குச்சியை உருவித் துடைத்தார், விட்டு எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் துடைத்து, விட்டு எடுத்தார்.

“டீச்சர்” என்றார். அவர் நினைத்ததைவிடக் குரல் சத்தமாக வந்துவிட்டது. “பத்தலீங்க.”

டீச்சர் வந்து குச்சியை வாங்கிப் பார்த்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில், கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

“மேட்டுல வெச்சுப் பார்த்துட்டேன்” என்றார் சென்னைக்காரர்களிடம். “தப்பாக் காட்டியிருக்கு.”

அவர்களில் மூத்தவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். நஞ்சப்பன் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் ஊற்றினார். நஞ்சப்பன் பார்த்தார். டீச்சர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

“போதுமுங்க” என்றார் நஞ்சப்பன்.

டாக்டர் ஆசை தீர ஓட்டினார். அந்த நீள வளைவில் கார் போகும்போதெல்லாம் நஞ்சப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சிவப்பு விளக்கு ஒரு தடவையும் எரியவில்லை. சென்னைக்காரர்களும் ஆளுக்கு ஒரு சுற்று பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்து, யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். நல்ல யோசனையா கெட்ட யோசனையா என்று அவர்கள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்டரும் போன பிறகு இருவரும் சாமான்களை எடுத்துவைத்தார்கள். நஞ்சப்பனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் முன்னால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தார்.

டீச்சர் ஆயில் டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“நன்றிங்கண்ணா” என்றார்.

நஞ்சப்பன் பதறிப்போனார். “ஐயோ, என்னங் டீச்சர் நீங்க போயி. நானல்லங்களா உங்களுக்குச் சொல்லோணும். வந்த நாளா ஒருக்காவாச்சும் வாய் தொறந்து சொல்லிடோணும்னு கெடக்கறேன், இன்னும் சொன்னபாடில்லை.”

“அதான் சொல்லிட்டீங்களே.”

“எப்பங்?”

“பத்தலைன்னு சொன்னீங்களே, அப்ப.”